மூன்று சுழிக்கு ஒரு பேனை

கச்சான் காற்று தொடங்கி மூன்று நாள். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக் கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் காய்ந்து விறைத்து நிற்கிறது. மேசையில் இருக்கிற கடதாசிகளுக்கு மேல் கல் வைத்திருக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரம் போய், சூடேறி வருகிறது. புவியியல் படிப்பிக்கிறவன் என்பதால் இந்தப் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். மலை, மேகம், அம்புக்குறி, மறுபக்கத்தில் வறட்சி. அந்த அம்புக்குறி என் பேனை நிப் வரைக்கும் வருகிறது என்பதை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை.

மைப்பேனையால் எழுதுகிறவர்களுக்கு இந்தக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். பேனையை மூடாமல் வைத்துவிட்டு எழும்பிப்போய் இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு வந்தால், முதல் எழுத்து விழாது. நிப்பின் பிளவில் இருந்த மையின் தண்ணீர் காற்றோடு போய்விட, சாயம் மட்டும் நுனியில் தடித்து அடைத்துக்கொண்டிருக்கும். கடதாசியின் ஓரத்தில் கிறுக்கவேண்டும், நாக்கில் தொட்டுப் பார்க்கவேண்டும், உதறவேண்டும். உதறினால் சேட்டில் தெறிக்கும். மாரி வந்தால் கதை நேர்மாறு. வாடைக்காற்றில் கடதாசியே ஈரம் குடித்துப் பொதும்பிப் போயிருக்கும், எழுதுகிற கோடு வேர்விட்ட மாதிரிப் பரவும்.

இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு, தமிழில் எழுத, எனக்கென்று ஒரு பேனையும் ஒரு மையும் கண்டுபிடிக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

எனக்குப் பொழுதுபோக்குகளுக்குக் குறைவிருந்ததில்லை. சின்ன வயதில் தபால்தலை சேர்த்தேன். டச்பே கடற்கரையில் தூண்டில் போட்டேன். பிலிம் கமரா ஒன்று வைத்துக்கொண்டு கோட்டைக்குள் நிற்கிற மான்களையெல்லாம் படம் பிடித்தேன். பிலிம் கழுவுகிற கடை மூடப்பட்டதோடு அது நின்றது. பறவை பார்க்கப் போனேன், இப்போதும் நேரம் கிடைத்தால் போகிறேன். இவற்றில் எதையும் நான் வெறுத்து விட்டதில்லை. ஒவ்வொன்றும் தன் காலத்தில் எனக்கு நிறையக் கொடுத்தது.

சிற்றலை வானொலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். என்னை மைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். மின்சாரம் இல்லாத இரவுகளில் பற்றரி றேடியோவைக் காதோடு வைத்து, ஊசியை மயிரளவு மயிரளவாக நகர்த்தித் தூரத்து நிலையங்களைத் தேடுவேன். திருகோணமலையிலேயே ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்கு ஒரு அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் இருந்தது. அது பக்கத்து வீட்டில் கதைக்கிற மாதிரிக் கேட்கும். அதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. இரைச்சலுக்கு அடியில், அலை எழும்பி விழுவது போலக் குரல் வந்து வந்து போகிற நிலையங்கள்தான் வேண்டும். கேட்டுவிட்டால் அந்த நிலையத்துக்கு ஒரு அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். திகதி, சர்வதேச நேரம், அலைவரிசை, என்ன நிகழ்ச்சி கேட்டேன் என்ற விவரம். பிறகு ஐந்து இலக்கம்: ஒலியின் பலம், பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி. சரியாக எழுதியிருந்தால் அவர்கள் ஒரு உறுதி அட்டை அனுப்புவார்கள். 1996இல் நாட்டின் நேரத்தை ஒரே வருடத்தில் இரண்டு தரம் மாற்றினார்கள். 2006இல்தான் பழைய ஐந்தரை மணித்தியாலக் கணக்குக்கு வந்தோம். அந்தப் பத்து வருடமும் கூட்டல் கழித்தலைக் கொப்பியின் மூலையில் போட்டுப் பார்த்துத்தான் நேரம் எழுதுவேன்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றலை நிலையங்கள் மூடின. இப்போது ஊசியை நகர்த்தினால் பெரும்பாலும் இரைச்சல்தான். ஆனால் இரவில் மேசையில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளை நேராக வைத்து, பேனையைத் திறக்கிற பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த அறிக்கைகளை எழுதப் பேனை தந்தவர் அப்பா. அவர் எழுதுவினைஞர். கந்தோர் முடிந்து வந்து சேட்டைக் கழற்றி மாட்டுவதற்கு முதல் பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்து மேசை லாச்சிக்குள் வைப்பார். ஹீரோ 616. கறுப்புக் குழாய், வெள்ளி நிற மூடி, நிப்பின் நுனி மட்டும் கிளியின் அலகு மாதிரி எட்டிப் பார்க்கும். பார்க்கர் 51இன் சாயலில் சீனாவில் செய்யப்பட்ட பேனை அது. 1941இல் பார்க்கர் 51ஐக் கொண்டுவந்தபோது, கெதியாகக் காய்கிற மைக்கு ஏற்றதாக நிப்பை உறைக்குள் மறைத்து வடிவமைத்திருந்தார்கள். காற்று படுகிற இடம் குறைவு என்பதால் நிப் காய்வதும் குறைவு. கச்சான் மாதங்களில் அப்பாவின் பேனை ஒருநாளும் சண்டித்தனம் பண்ணாததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே விளங்கியது.

முதன்முதல் மை அடைக்கப் பழக்கியபோது அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிப்பின் நுனியை மட்டும் போத்தலுக்குள் தொட்டு, குழாயை அமத்தினேன்.

"முழுசா உள்ளுக்கு விடு தம்பி. அரைவாசி விட்டால் காத்துத்தான் ஏறும்."

விட்டேன். அமத்தி விட, அமத்தி விட, குமிழி வந்தது. நாலாம் தரம் குமிழி வரவில்லை. "இப்ப வெளியில எடுத்து ரெண்டு துளி திருப்பி விடு. பிறகு துடை." அந்த இரண்டு துளியைத் திருப்பி விடுவதை நான் இன்றைக்கும் செய்கிறேன். நிப்புக்குக் கீழே இருக்கிற நாக்கின் வரிகளில் அளவுக்கு மிஞ்சி மை நின்றால், எழுதத் தொடங்கியவுடன் பொட்டென்று ஒரு சொட்டு விழும்.

மைப்பேனையின் இரகசியம் முழுவதும் அந்த நாக்கில்தான் இருக்கிறது. மயிரிழைக் குழாய்க்குள் தண்ணீர் தானாக ஏறுகிற அதே விசைதான் மையை நுனிக்குக் கொண்டுவருகிறது. மை வெளியேறுகிற அளவுக்குக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் மை நிற்கும், கூடப்போனால் கொட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்காக்கிய நாக்குக்கு லூயிஸ் வாட்டர்மன் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார்.

சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு நானே பேனைகள் வாங்கினேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவந்தார். ஒரு கட்டத்தில் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றையும் சொல்லி வாசிக்கிறவர்களைக் களைக்கவைக்க விருப்பமில்லை. இரண்டு மட்டும்.

ஒன்று, சென்னைக்குப் போனபோது வாங்கிய, கையால் கடைந்த எபனைற் பேனை, அதாவது இறுக்கிய ரப்பர். உடல் முழுவதும் மை நிரப்பலாம், சொட்டுக்குழாயால் விடவேண்டும். மழைக்கால வானம் மாதிரிக் கருமை, கையில் பிடித்தால் மரம் மாதிரி ஒரு இதம். எனக்கு அதில் உயிர். ஆனால் மை பாதிக்குக் கீழே இறங்கினால், உள்ளே நிற்கிற காற்று என் உள்ளங்கைச் சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும். மே மாதத்து ஒரு பிற்பகல், நாட்குறிப்பின் நடுப்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு மை விழுந்து, நாலு நாளைய குறிப்பு ஒன்றாய்ப் போனது. செய்தவரில் பிழையில்லை, இந்த வெக்கைக்கு அந்த வகை ஒத்துவரவில்லை.

மற்றது ஒரு ஐரோப்பியப் பேனை. பெயர் வேண்டாம். நடுத்தர நிப். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கும் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள், உண்மையாகவே வழுக்கியது. ஆங்கிலத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன், அவ்வளவு அழகு. பிறகு தமிழில் எழுதினேன்.

புதுப்பேனை வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நான் "திருகோணமலை" என்று எழுதிப் பார்ப்பேன். பேனையைச் சோதிக்க இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது. 'தி'யின் மேல்வளைவு, 'ரு'வின் அடிச்சுழிப்பு, 'கோ'வுக்கு முன்னும் பின்னும் இரண்டு துண்டு, 'லை'யின் முன்னால் வருகிற இரட்டைச் சுழி. நடுவில் 'ண'. மூன்று சுழி.

அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். என் கையெழுத்தில் 'ண' ஐந்து மில்லிமீற்றர் அகலம். அதற்குள் பேனை மூன்று தரம் திரும்பி, நிமிர்ந்து, கோடு இழுத்து வெளியே வரவேண்டும். ஒவ்வொரு சுழியின் வயிற்றிலும் வெள்ளையாக மிஞ்சவேண்டிய இடம் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட. கோடு அரை மில்லிமீற்றரைத் தாண்டினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த வெள்ளையைத் தின்றுவிடும். மாரியில் கடதாசி கொஞ்சம் பொதும்பியிருந்தால் சுழி முற்றாக அடைபடும். அந்தப் பேனையால் நான் எழுதிய 'ண'வும் 'ன'வும் தள்ளிவைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன. மணமும் மனமும் ஒன்றாகிவிட்டன. தமிழ் படித்தவனுக்கு அது சின்ன விசயம் இல்லை.

வழுக்குவதும் எங்களுக்கு அவ்வளவு உதவாது. ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுதுகிறவர் ஒரே திசையில் சாய்ந்து ஓடிக்கொண்டே இருப்பார். நாங்கள் ஒவ்வொரு எழுத்துக்குள்ளேயும் திசை மாறுகிறோம். 'ழ'வின் வாலை எங்கே நிறுத்துவது என்று விரலுக்குத் தெரிய, நிப் தாளைக் கொஞ்சம் உரசவேண்டும். புள்ளிக்கும் அப்படித்தான். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழிந்துவிடும் என்று முன்னோர் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், வாசிக்கிறவர் அறிந்துகொள்ளவேண்டியதுதான். கடதாசியில் அந்தக் கவலை இல்லை. ஆனால் தொட்டவுடன் மை விடுகிற, எடுத்தவுடன் நிற்கிற பேனை வேண்டும். இல்லையென்றால் புள்ளி குமிழாகிவிடும்.

யப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிட ஏறக்குறைய ஒரு அளவு மெல்லியவை. 'கஞ்சி' என்று அவர்கள் சொல்கிற, கோடுகள் நெருங்கி வருகிற சீன வழி எழுத்துகளுக்காக அப்படி. ஒரு சிறு கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடு எழுதுகிறவர்களுடைய நிப் எங்கள் மூன்று சுழிக்கும் இடம் விடும் என்று எனக்குத் தோன்ற வேண்டியதுதானே. ஆனால் அது தோன்ற எனக்கு ஒன்பதாவது பேனை வரைக்கும் போகவேண்டியிருந்தது.

பேனைத் தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே மைத் தேடலும் நடந்தது. முதலில் எல்லோரும் விழுகிற இடத்தில் நானும் விழுந்தேன். நிறம். கோணேசர் கோயிலடியில் நின்று இராவணன் வெட்டுக்குக் கீழே பார்த்தால், பாறையின் அடியில் கடல் கருநீலமாகக் கிடக்கும். திரும்பி டச்பே பக்கம் பார்த்தால் பச்சை கலந்த நீலம். அதைப் போத்தலில் பிடித்துவிடலாம் என்று ஆசை. பைலட் நிறுவனத்தின் இரோசிசுகு வரிசையில் 'கொன்பெகி' என்று ஒரு நீலம் இருக்கிறது. மச்சான் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். போத்தலே ஒரு அழகு, அடியில் ஒரு குழி, கடைசித் துளி மையும் அதற்குள் வந்து நிற்கும். இரண்டு வருடம் அந்த நிறத்தில்தான் எழுதினேன், அதை இப்போதும் நேசிக்கிறேன். பிறந்தநாள் அட்டைக்கு அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் வைத்திருக்கவேண்டிய எழுத்தை நான் அதில் எழுதுவதில்லை. அதற்குக் காரணம் மாமியின் றங்குப்பெட்டி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுநிலாப் போயா நாள். காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. திருக்கடலூரில் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, இருந்தார். ஆட்கள் தப்பினார்கள். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. கிழமை கழித்துத்தான் வீட்டுக்குள் போய் மண்ணை வாரினோம். கட்டிலுக்குக் கீழே இருந்த றங்குப்பெட்டி சுவரோடு ஒட்டி, கவிழ்ந்து, மூடி திறக்காமல் கிடந்தது. திறந்தால் உள்ளே உப்புத்தண்ணீர் நின்றது.

பெட்டியில் இரண்டு விதமான கடதாசிகள் இருந்தன. ஒன்று என் அப்பப்பாவின் காணிக் கொப்பி. 1950களில் எழுதியது. எந்தக் காணி, யாரிடம் வாங்கியது, எல்லை எது, வேலி எந்தப் பக்கம், எத்தனை தென்னை. மற்றது மாமா எழுதிய கடிதங்கள். மாமா கப்பலில் வேலை செய்தவர். 1980களில் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் மாமிக்கு எழுதியிருந்தார், நாற்பதுக்கு மேல். நாங்கள் அதைப் பிரித்த அந்த நேரம் மாமா காலமாகி ஆறு வருடம்.

விறாந்தையில் பாய் விரித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டோம். அப்பப்பாவின் கொப்பி காய்ந்தபோது தாள் அலையலையாக நெளிந்திருந்தது, ஓரம் மண்நிறம். எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. கறுப்பாக, கூராக, பழைய 'லை' துதிக்கை தூக்கி நிற்க, எழுதியபடியே இருந்தது. மாமாவின் கடிதங்களில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தாளும் வெளிறிய நீலம். மேகம் மாதிரித் திட்டுத்திட்டாக. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் நீலம் கொஞ்சம் கூட. மாமி ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நிப் அழுத்திய தடமாவது தெரியுமா என்று பார்த்தார் போல. பிறகு அதை மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இரண்டு பேரும் எழுதியது மைப்பேனையால்தான். ஒரே பெட்டி, ஒரே தண்ணீர். மாமா பாவித்தது சேட்டில் பட்டாலும் கழுவினால் போகும் என்று விற்கிற நீலம். அப்பப்பா பாவித்தது அந்தக் காலத்துக் கந்தோர் மை, நீலக்கறுப்பு. அந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்தது. ஆற அமரத் தேடிப் படிக்கச் சில வருடங்கள் போயின.

சாதாரண மை, தண்ணீரில் கரைந்த சாயம். தண்ணீர் காய்ந்தால் சாயம் தாளில் தங்கும். திரும்பத் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். பழைய நீலக்கறுப்பு அப்படி இல்லை. அதில் இரும்பு உப்பும், மரத்துத் துவர்ப்பும் இருக்கின்றன. ஐரோப்பாவில் அந்தத் துவர்ப்பை ஓக் மரத்தில் குளவி முட்டையிட்டதால் வருகிற கழலையிலிருந்து எடுத்தார்கள். போத்தலுக்குள் இருக்கிறபோது இரண்டும் கரைந்த நிலையில், நிறமில்லாமல் என்று சொல்லுமளவுக்கு வெளிறி இருக்கும். எழுதுகிறவருக்குக் கண்ணில் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அதில் நீலச்சாயம் சேர்ப்பது. தாளில் இறங்கிய பிறகு காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு இரும்பு மாறுகிறது. துவர்ப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கறுப்பாகத் தாளின் நாருக்குள்ளேயே இறுகுகிறது. மேலே உள்ள நீலம் பிறகு கழுவுப்பட்டாலும் உள்ளே கறுப்பு நிற்கும். அப்பப்பாவின் எல்லைகளைக் காப்பாற்றியது அதுதான்.

இது எங்களுக்குப் புதிய சங்கதி இல்லை. வாழைப்பொத்தி அரிந்த கத்தி கறுப்பதைப் பார்க்காதவர் யார்? இரும்புச் சட்டியில் தேத்தண்ணி சிந்திக் காய்ந்தால் கறுப்பு வளையம் விழும். எல்லாம் அதே இரும்பும் துவர்ப்பும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவது பழைய முறை; அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. செய்து பார்க்காமல் எனக்குப் பொறுக்கவில்லை.

நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினேன். கொட்டையை நீக்கி, தோலை அம்மியில் தட்டி, இரண்டு தம்ளர் தண்ணீரில் போட்டு ஒன்றாக வற்றும்வரை காய்ச்சினேன். குடிநீர் காய்ச்சுகிற மணம் வீடு முழுக்க. யாருக்கு வயிற்றுக்குள் சரியில்லை என்று அம்மா குசினிக்கு வந்து கேட்டார். அன்னபேதி கிடைக்காததால், கறள் பிடித்த ஆணி ஒரு பிடியை வினாகிரியில் நாலு நாள் ஊறவைத்த தண்ணீரை எடுத்தேன். பழுப்பு நிறக் கடுக்காய்த் தண்ணீருக்குள் அதை ஒரு கரண்டி விட்டவுடன், கரண்டி இறங்கின இடத்திலிருந்து ஊதா கலந்த சாம்பல் சுருள் சுருளாக விரிந்து, ஒரு மூச்சுக்குள் பாத்திரம் முழுக்க இருண்டது. கொஞ்சம் வேலம்பிசின் கரைத்துச் சேர்த்தேன். மூங்கில் குச்சியைச் சீவி, தொட்டு, "திருகோணமலை" என்று எழுதினேன். மங்கிய சாம்பல். ஏமாற்றமாக இருந்தது. அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் வந்து பார்த்தால் அந்தச் சொல் கறுத்திருந்தது. நான் நித்திரை கொள்ள, தாளில் எழுத்து தானாக முற்றியிருந்தது. அன்றைக்கு வகுப்புக்குப் பிந்தித்தான் போனேன், அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றதால்.

தாளைக் குழாயடியில் கொண்டுபோய்த் தண்ணீர் திறந்துவிட்டேன். பக்கத்தில் என் கடல் நீலத்தில் எழுதிய வரியும், ஒரு பள்ளிக்கூட நீலத்தில் எழுதிய வரியும். இரண்டும் பேசினுக்குள் ஓடிப்போயின. கடுக்காய் வரி நின்றது.

அந்த மையை மைப்பேனைக்குள் விடக்கூடாது. வடித்தாலும் துகள் நிற்கும், நாக்கின் வரிகளை அடைத்துவிடும். இரண்டாம் கிழமை அதில் பூஞ்சணமும் பிடித்தது. பேனைக்கென்றே, அமிலத்தைக் குறைத்து, இந்த வகை மையை இன்றும் சில இடங்களில் செய்கிறார்கள். பெலிக்கனின் 4001 நீலக்கறுப்பு ஒன்று. டயமைனின் பதிவாளர் மை ஒன்று. இங்கிலாந்தில் பிறப்பு, விவாகப் பதிவேடுகளுக்காக உருவானது. யப்பானின் பிளாட்டினம் நீலக்கறுப்பு இன்னொன்று. மூன்றையும் பாவித்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் எனக்குக் குறை இல்லை. பிளாட்டினம் என் கொப்பித் தாளில் மிகக் குறைவாகப் பரவுகிறது, மாரியிலும். எழுதும்போது தெளிந்த நீலம், தாள் திருப்பும்போது சாம்பல் ஏறத் தொடங்கும், அடுத்த நாள் கருநீலம்.

அந்த மைப்போத்தலோடு வந்ததுதான் பேனையும். மச்சான் பொதி கட்டும்போது இடம் மிஞ்சியது என்று, அதே பிளாட்டினம் நிறுவனத்தின் பிளெசிர் ஒன்றையும் போட்டிருந்தார். அலுமினிய உடல், மெல்லிய நிப். உருக்கு நிப், தங்கமில்லை. அவரே அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. விலை குறைந்த பேனை. நானும் இரண்டு நாள் பொதியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

எழுதினேன். திருகோணமலை. 'ண'வின் மூன்று சுழியும் திறந்திருந்தன, உள்ளே வெள்ளை தெரிந்தது. நிப் தாளில் ஒரு மெல்லிய உரசல் சத்தம் போட்டது, ஓலையில் எழுத்தாணி இப்படித்தான் சத்தம் போட்டிருக்கும் என்று நினைத்தேன். 'லை' முடிந்த இடத்தில் பேனை நின்றது.

மிச்சமிருந்தது கச்சான். இந்தப் பேனையின் மூடிக்குள் இன்னொரு சின்ன மூடி, சுருள்வில்லோடு. வெளிமூடியை அமத்தினால் உள்மூடி நிப்பைச் சுற்றி இறுக உட்கார்ந்து காற்றை அடைக்கும். ஒரு வருடம் திறக்காமல் வைத்தாலும் மை காயாது என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். நான் ஒரு வருடம் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவு நாள் அதைப் பிரிந்திருக்க முடியாது. யூன் நடுவில் மூன்று கிழமை வேண்டுமென்றே லாச்சிக்குள் வைத்தேன். எடுத்துத் திறந்து தாளில் வைத்தவுடன் முதல் எழுத்து விழுந்தது. வெளியே காற்று தென்னோலையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

2022இல் இறக்குமதி நின்று, கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்த காலத்தில், அறுபது மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை வைத்துக்கொண்டு நான் எந்தக் கவலையும் இல்லாமல் எழுதினேன். பெற்றோல் வரிசையில் மோட்டார்சைக்கிளின் சீற்றில் கொப்பியை வைத்து எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் வியர்வை விழுந்த இடத்தில் நீலம் கொஞ்சம் பரவியிருக்கிறது, கறுப்பு அசையவில்லை.

இரும்பு மைக்குக் கவனம் வேண்டும். அமிலம் என்பதால் உருக்கு நிப்பில் காயவிடக்கூடாது, மாதம் ஒரு தரமாவது கழுவவேண்டும். நான் போயா நாளில் கழுவுகிறேன். விடுமுறை, மறக்காது. கலங்கல் போகும்வரை தண்ணீரை இழுத்து விட்டு, பழைய சீலைத்துண்டில் நிப்பை நிமிர்த்தி வைத்தால் மிச்சத் தண்ணீரைச் சீலை உறிஞ்சும். பிறகு மை. குமிழி நிற்கும்வரை இழுத்து, இரண்டு துளி திருப்பி விட்டு, துடைப்பேன். மற்றப் பேனைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். எபனைற் பேனையையும் அப்பாவின் ஹீரோவையும் மட்டும் வைத்திருக்கிறேன். ஹீரோவில் இப்போது என் மகள் எழுதுகிறாள்.

போன மாசிப் போயாவுக்கு மாமி வீட்டுக்குப் போனேன். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல், நினைவு மங்கவில்லை. வெளிறிய நீலத் தாள்கள் இன்னமும் அவரிடம் இருக்கின்றன, ஒரு பிஸ்கற் ரின்னுக்குள். நான் புதுக் கொப்பியும் பேனையும் கொண்டுபோயிருந்தேன். மாமா எழுதினதில் நினைவிருக்கிறதைச் சொல்லுங்கள் மாமி, நான் எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எழுதத் தொடங்கினால் எல்லாம் வருமா என்று கேட்டார். வருகிறது வரட்டும் என்றேன்.

முதல் கடிதம் சிங்கப்பூரிலிருந்து. நான் "அன்புள்ள" என்று தொடங்கினேன்.

"அப்பிடி இல்லைத் தம்பி. அவர் அன்புள்ள எண்டு போடமாட்டார். நேரை 'சுகமா' எண்டுதான் தொடங்கும்."

அடித்துவிட்டுச் சுகமா என்று எழுதினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு வந்தார். கப்பலில் சோறு சரியில்லை. ஒரு தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் கண்டேன், வாங்கவில்லை, விலை. இங்கே மழை.

"அதுக்குப் பிறகு ஒரு வரி விட்டவர்," என்றார்.

ஒரு வரி விட்டேன்.